எரித்ததாகச் சொன்ன வலை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், இன்று நாலு ஐஸ் லொறிகளுக்குச் சொந்தக்காரன். எவனுக்கும் பயந்ததில்லை. குஞ்சுகளையும் அள்ளிவிடும் சிறுகண் வலை வாவியில் கூடாதென்று மீனவர் சங்கத் தலைவர் சட்டம் போட்டபோது, முதலில் கைதட்டியவனும் நான்தான். எரிக்கப்போவதாகச் சொல்லி என் தம்பியின் ஒரே வலையையும் சங்கத்தார் கொண்டுபோனார்கள்; பிறகு எரித்துவிட்டதாகவும் சொன்னார்கள். அவன் கூலிக்கு மண் வெட்டப் போனான்.

போன மாதம் தலைவரிடம் இறால் வாங்கப் போனேன். கூடை நிறையப் பொடி இறால். அவருடைய தோணியில் காய்ந்த வலையில், தம்பி மனைவி நீல நூலால் பொத்திய இடங்கள் அப்படியே இருந்தன.

"ஆர்ர வலை இது?" என்று கத்தினேன்.

"சங்கத்துச் சாமான் முதலாளி. நீங்க யாவாரத்தப் பாருங்க," என்று தலைவர் சிரித்தார்.

இறாலை வாங்காமல் தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"விடுங்கண்ணே. வலையாவது தண்ணிக்க கிடக்கட்டும்," என்றான்.