பெட்டியைக் கைவிடாத அவ்தே ஸவேலிச்

"பெட்டிய அடுத்தவன் கையில குடுக்கறவன் பயணியே இல்ல, ஏமாந்த சோணகிரி! நான் சாகற வரைக்கும் என் பெட்டி என் கையிலதான்!"

1979இல், மாஸ்கோ விமான வடிவமைப்பு அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்தில், முட்டைக்கோஸ் சூப் ஆறுவதையும் பொருட்படுத்தாமல் எழுந்து நின்று அவ்தே ஸவேலிச் முழங்கினார்.

அவருக்கு அந்த உரிமை இருந்தது. ஐஎல்-86 விமானத்தின் இறக்கையையும் எஞ்சினையும் யார் யாரோ வரைந்தார்கள். அவை பறப்பதற்கு மட்டுமே பயன்பட்டன. பயணி தன் பெட்டியைத் தானே தூக்கிவந்து கீழ்த்தளத்து அடுக்கில் வைத்துவிட்டு, உள்படியேறி இருக்கைக்குப் போகிற மகத்தான ஏற்பாட்டில், அடுக்கின் மூன்றாம் தட்டு அவ்தே வரைந்தது. மற்ற இரண்டு தட்டுகளைப் பற்றியும் மரியாதையாகவே பேசுவார், அவற்றை வரைந்தவர்கள் பக்கத்தில் இருந்தால்.

விமானம் இறங்கியதும் முன்னூறு பேர் ஒரே நேரத்தில் கீழே பாய்ந்து பெட்டி தேடுவார்கள். நாட்டில் அன்று விற்றதெல்லாம் ஒரே மாதிரிப் பழுப்புப் பெட்டி. கடலோர ஸோச்சியில் விடுமுறை முடிந்து அவ்தே வீட்டுக்குச் சுமந்துவந்த பெட்டியைத் திறந்தால் யாருடைய மீன்பிடி பூட்ஸோ இருந்தது.

"ஆனா ஒரு நிமிஷம் கைய விட்டுப் போகல, பாத்தியா?" என்றார். மனைவி கலேரியா அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு மூன்று வருடம் உருளைக்கிழங்கு தோண்டினாள்.

பிறகு, இன்னும் நெடுந்தூரம் பறக்க ஐஎல்-96 வந்தது. அதில் அடுக்கு இல்லை; பெட்டியைக் கௌண்டரிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அடுக்கு வேண்டுமென்று பதினோரு மனு எழுதினார். பதில் வராததால், அந்த விமானத்தில் தான் ஏறப்போவதில்லை என்று அறிவித்தார். விமானம் அதைத் தாங்கிக்கொண்டது.

1995இல் மகள் ரிம்மாவுக்கு நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள கபரோவ்ஸ்கில் கல்யாணம். ரயிலில் போனால் ஒரு வாரம், கல்யாணமோ மறுநாள். கலேரியா இரண்டு மாதம் தைத்த மணப்பெண் கவுன் அதே பழுப்புப் பெட்டிக்குள். போகிற விமானம் ஐஎல்-96.

"பெரியவரே, பெட்டியத் தராசுல வைங்க," என்றாள் கௌண்டர் பெண்.

"மாட்டேன்மா. இது எங்கூடத்தான் வரும்."

"இவ்வளவு பெரிசு உள்ள விட மாட்டாங்க."

"விமானத்துல பெட்டி வைக்கற அடுக்க வரைஞ்சவன்மா நானு!"

"அப்ப அந்த அடுக்கையும் கையோட கொண்டாந்திருக்கணும்."

வரிசையில் பின்னாலிருந்த தடியர் பொறுமை இழந்தார். "தாத்தா, பெட்டிக்குத் தாலாட்டு அப்புறம் பாடலாம், நகருங்க!"

அவ்தே பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உள்ள இருக்கறது எம்பொண்ணு கல்யாண கவுன்! கண்டவன் கையில குடுத்தா அது எங்க போய்ச் சேருமோ. எங்கிட்ட இருந்தா மாறவே மாறாது!"

பக்கத்தில் நின்ற கலேரியா ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"பூட்ஸ்."

அவ்தே பெட்டியைத் தராசில் வைத்தார்.

எட்டு மணி நேரம் அவர் தூங்கவில்லை. கால்களுக்குக் கீழே தரையையே முறைத்துக்கொண்டு வந்தார். கபரோவ்ஸ்கில் பெட்டி வந்தது. அங்கேயே மண்டியிட்டுத் திறந்தார். கவுன் மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. ரிம்மா அதைத்தான் உடுத்திக்கொண்டாள்.

திரும்பும்போது அவர் நேரே கௌண்டர் தராசுக்குப் போனார். பெட்டியை வைத்தார். யாரும் கேட்காமலே, கையிலிருந்த குடையையும் அதன் வாரில் செருகி அனுப்பினார்.