முனியாண்டி கல்லருகே தாழ்ந்த வெளிச்சம்

ரப்பர் விலை உச்சத்தில் இருந்த 1925-ஆம் வருடம், மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. அப்போது நான் ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

விடுமுறைக்குக் கிளம்பும்போது ஆசிரியை தம்முடைய கேமராவையும் ஒரே ஒரு கண்ணாடித் தகட்டையும் கொடுத்தார். படம் நன்றாக வந்தால் பள்ளியில் மாட்டுவதாகச் சொன்னார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தின் தகரக் கூரையை யார் பார்ப்பார்கள்? மேட்டில் இருக்கும் துரை பங்களாவை நிலா வெளிச்சத்தில் எடுப்பதென்று முடிவு செய்தேன்.

விடியற்காலை நாலரைக்குக் கேமராவை நிறுத்தி மூடியைத் திறந்தேன். இருபது நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். பாதி நேரம்கூட ஆகவில்லை, லயத்திலிருந்து விளக்குகள் வரிசையாக வந்தன. பாலுக்காக ரப்பர் மரம் கீறுகிறவர்கள், வேலைக்கு முன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கும் நேரம். விடுதி மணிக்கு எழுந்து பழகியதில் அதை அடியோடு மறந்திருந்தேன்.

“அம்மா, இந்தப் பக்கம் வராதீங்க! படம் கெட்டுப்போயிரும்!” என்று கத்தினேன்.

“பெரட்டுக்கு வேற வழி ஏதுடி? நாங்க நடந்தா கெட்டுப்போற அப்பேர்ப்பட்ட படமா?” என்றார் அம்மா, நிற்காமலே.

பின்னால் வந்த பக்கத்து வீட்டு அக்கா, “படிச்ச புள்ள தொரை பங்களாவுக்குக் காவல் நிக்குதுலா!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் கடந்து போனதும் ஆத்திரத்தில் மூடியை அடைத்துவிட்டு அழுதேன்.

ஈப்போவில் ஆசிரியை தகட்டைக் கழுவிப் படம் அச்சிட்டார். பங்களா வெறும் கறுப்புத் திட்டு. அதன் கீழே, ஆள் ஒருவர்கூடத் தெரியாமல், விளக்குகள் மட்டும் வெள்ளைக் கோடுகளாக ஓடின. எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் தரைவரை இறங்கி மறுபடி ஏறின. அங்கே பள்ளமா என்று ஆசிரியை கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அவர் அந்தப் படத்தைத்தான் மாட்டினார்.

அடுத்த விடுமுறையில் ஒரு பிரதியை அம்மாவிடம் நீட்டினேன். எழுத்தே தெரியாத அம்மா, கோடுகள் இறங்கிய இடத்தில் சட்டென்று விரலை வைத்தார்.

“முனியாண்டி கல்லுடி. கும்புடாம யாரு காட்டுக்குள்ள போவா?”

ஒரு கோடு மட்டும் அந்த இடத்தில் தடித்திருந்தது. “இது நானு. முட்டி வலி, குனிஞ்சா எந்திரிக்க நேரமாவும்,” என்று சிரித்தார்.

இப்போது ஊருக்குப் போனால் பெரட்டு நேரத்துக்கு நானும் எழுந்து வாசலில் நிற்கிறேன். பள்ளிச் சுவரில் இருக்கும் படத்தை எடுத்தவள் நான்தான் என்று இன்றும் பெருமையாகச் சொல்வேன், அதைப் படித்துச் சொன்னவர் அம்மா என்பதையும் சேர்த்து.