பூஜையில் உட்கார்ந்த இரும்புப் பட்டைகள்

போன வாரம் ஒரு நாள் காலையில், சின்னசேலம் சாலையில் இருக்கும் நண்பர் காதர் பாயின் ரைஸ் மில்லுக்கு அரிசி வாங்கப் போனேன். ‘வாங்க’ என்று சொல்லக்கூட பாய்க்கு நேரமில்லை.

ஆயுத பூஜை முடிந்து, நெல் அவிக்கிற பாய்லரைப் பற்றவைத்ததிலிருந்து ஸ்டீம் சரியாக ஏறவில்லையாம். எரிக்கிற உமி மட்டும் மளமளவென்று தீர்கிறது. தொட்டிகளில் நெல் ஊறி நிற்கிறது... பொழுது சாய்வதற்குள் அவிக்காவிட்டால் வாடை ஏறிவிடும். அந்த அரிசியை யார் வாங்குவார்கள்?

பாய்லர் ஆபரேட்டர் முருகேசன் பேயறைந்தவர் போல நின்றார். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். நெல் கெட்டால் வேலையும் போகும் என்ற பயம். பூஜைக்காக பாய்லருக்குள் இருக்கும் ஒவ்வொரு குழாயையும் கரி போகத் தேய்த்தவர் அவர்தான். சுத்தம் செய்த பிறகு ஏன் மக்கர் பண்ணுகிறது?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் — அடுத்தவர் கவலையில் இருக்கும்போதும் வேடிக்கை பார்ப்பேன். பாய்லர் பக்கத்தில், பூஜைக்கு வைத்த சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியலோடு கட்டுக் கட்டாக முறுக்கிய இரும்புப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். இது என்ன ஆயுதம் என்று கேட்டேன்.

“கொழாக்குள்ள இருந்திச்சி சார். பொக போவ வுடாம அடைச்சிகினு கெடந்திச்சி, உருவி வச்சேன்” என்றார் முருகேசன். அவர் முன்பு பார்த்த பாய்லரில் இதெல்லாம் கிடையாதாம்.

பாய் தலையில் கை வைத்தார்.

பிறகு விளக்கினார். குழாயைச் சுற்றித் தண்ணீர், உள்ளே சூடான புகை. குழாய் வெறுமனே இருந்தால் நடுவில் போகும் புகை சூடு குறையாமல் நேரே சிம்னிக்குப் போய்விடும். குழாயின் சுவரை ஒட்டிய புகையோ ஆறிப்போய் அங்கேயே தயங்கும். பட்டை இருந்தால் புகை சுழலும். நடுவில் இருக்கும் சூடும் சுவரைத் தொட்டு, தண்ணீருக்கு இறங்கும். கூழைக் கிண்டிவிடுகிற மாதிரிதான். தடையில்லாமல் போவதுதான் நல்லது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே!

நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, பட்டைகளைச் செருக மத்தியானம் ஆகிவிடும். இருக்கிற ஸ்டீமிலேயே ஓட்டிவிடலாம் என்றார் முருகேசன், பயத்தில்.

“அணைச்சிடு முருகேசு. அரவேக்காடா போனா நஷ்டம் ஜாஸ்தி” என்றார் பாய்.

நானும் பட்டை எடுத்துக் கொடுத்தேன். சட்டையெல்லாம் கரி, குங்குமம். நாலு மணிக்கு ஸ்டீம் ஏறியது. நெல் பிழைத்தது. முருகேசன் மட்டும் ஓரமாக, திட்டு வாங்கக் காத்து நின்றார்.

பாய் திட்டவில்லை. “அடுத்த வருசம் பட்டைய உருவாத, குங்குமப் பொட்ட கொழா வாயிலயே வச்சிடு” என்றார்.

முருகேசன் காதில் விழுந்தது ‘அடுத்த வருசம்’ மட்டும்தான்.