இடது காது ஏற்றிச் சொன்னது

எங்கள் வீட்டில் அடி விழ ஆரம்பித்தால் அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுவாள். ஜாருக்குள் ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். இவ்வளவு அரைத்துத் தின்கிற குடும்பத்தில் ஒருத்தர்கூட சதை போடவில்லையே என்று அவர்கள் குழம்பிப்போயிருப்பார்கள்.

அடிப்பது அண்ணன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வாங்குவது அக்கா. மிச்சம் மீதி இருந்தால் எனக்கு.

அக்காவின் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வேளையும் சமைப்பாள். நடுவில் பட்டறைக்கு வரும் போனை எடுப்பாள். தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்த அண்ணன் சட்டைகளைத் தைப்பாள். இத்தனைக்கும் நடுவில் அவள் கேட்டது ஒன்றுதான்: இசைக் கல்லூரியில் ஓர் இடம். இடம் கிடைத்தால் ஹாஸ்டல் உண்டு. அண்ணன் கை எட்டாத ஒரு கட்டில். அதற்குக் காதுத் தேர்வில் தேற வேண்டும். வாத்தியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வருகிற சத்தம் ஒரு சுரமா இரண்டா, என்னென்ன என்று சொல்ல வேண்டும்.

அவளிடம் ஒரு பழைய கீபோர்டு இருந்தது. அதில் 'ச'வை அழுத்திக் கேட்டுக்கொண்டு, அதை வாய்க்குள்ளேயே பிடித்தபடி பாத்திரம் துலக்குவாள், துணி காயப்போடுவாள், திரும்பி வந்து அதே கட்டையை அழுத்திப் பார்ப்பாள். சுரம் இறங்காமல் இருந்தால் அவளுக்கு ஜெயம். அவளைக் கலைப்பது என் உத்தியோகம். கூடவே நடந்து, காதுக்குப் பக்கத்தில் நாராசமாகப் பாடுவேன்.

"எப்படிடீ இவ்வளவு கேவலமா பாட வருது உனக்கு?"

"பிறவி ஞானம்க்கா."

"ஊர்ல யாருக்கும் கிடைக்காத குரங்கு எனக்குக் கிடைச்சிருக்கு. பாடு, பாடு."

கீபோர்டை அண்ணன் ஒருநாள் சுவரில் அடித்து உடைத்தான். சாம்பாரும் ரசமும் தீய்ந்தால்கூட அவ்வளவு கோபம் வராது. பட்டறை போன் அடித்து, சுரம் பிடித்துக்கொண்டிருந்த இவள் எடுக்கவில்லை. வெள்ளைக் கட்டைகள் பல்லு மாதிரி தரையெல்லாம் சிதறின. நான் பொறுக்கப் போனேன், கையை மிதித்தான். அக்கா அதற்கப்புறம் ஜன்னல் கம்பியைக் கரண்டியால் தட்டிப் பயிற்சி செய்தாள். அண்ணன் தட்டை விட்டெறிந்தால் குனிந்துவிட்டு, என் பக்கம் வாயசைப்பாள்: 'ம'. டம்ளர் வந்தால்: 'நி'. சிரிப்பை அடக்க முடியாமல் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அழைப்புக் கடிதம் அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது.

"எங்க போறே?"

"பரீட்சைண்ணா. பாஸானா ஹாஸ்டல்."

"அப்போ இங்க யாரு சமைப்பா? உங்கப்பனா எழுந்து வருவான்?"

"நமக்கு ஒரே அப்பாதாண்ணா" என்றாள் அக்கா, ரொம்பப் பணிவாக.

கையை அகலமாக விரித்து இடது காதோடு சேர்த்து அறைந்தான். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தும் எனக்குக் கேட்டது. அக்கா அடுப்பு மேடையில் மோதிக் கீழே விழுந்தாள். விலாவில் ஓர் உதை விட்டான். நான் அவன் காலைக் கடித்தேன். முடியைப் பிடித்துத் தூக்கிக் கதவில் எறிந்தான். கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாப்பாடு கேட்டான். அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பரிமாறினாள்.

அக்காவின் காதிலிருந்து ரத்தம் மெல்லிசாக வழிந்தது. பஞ்சு வைத்தேன்.

"கொய்ங்னு ஒரே சத்தம்டீ" என்றாள். கரண்டியை எடுத்துக் கம்பியில் தட்டினாள். முகம் வெளுத்துப்போனது. "ஒண்ணு தட்டினா ரெண்டு கேக்குது. இடது காது கொஞ்சம் ஏத்திச் சொல்லுது."

அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை.

காலையில் அண்ணன் பட்டறைக்குப் போனதும், கிழிந்த கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு போனோம். தேர்வு அறைக்கு வெளியே, திறந்த கதவுப் பக்கம் நின்றுகொண்டேன். பியானோவில் ஒரு மூக்குக்கண்ணாடி அம்மா. அக்கா முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு சத்தம் வந்தது.

"ரெண்டு சுரம் மேடம்."

"ஒண்ணுதாம்மா."

அக்கா விரலால் இடது காதை அடைத்துக்கொண்டாள்.

"கை மடியில இருக்கணும். இங்க எல்லாருக்கும் அதான் விதி."

கையை இறக்கினாள். அடுத்த சத்தம். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, காலம் பூரா அண்ணனின் ஓட்டைச் சட்டைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க வாசிச்சது ஒண்ணு மேடம். 'ப'" என்றாள் கடைசியில். "எனக்கு ரெண்டு கேக்குது. மேல ஒட்டிக்கிட்டு ஒண்ணு, எந்தக் கட்டையிலயும் சேராம. அது எங்க அண்ணனோடது. அதைத் தள்ளிட்டுச் சொல்றேன். கொஞ்சம் நேரம் குடுங்க."

மூக்குக்கண்ணாடி அம்மா எழுந்து வந்து பஞ்சைப் பார்த்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்து மறுபடி வாசித்தாள். கரிசனம் ஏதும் காட்டவில்லை. இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகப் போட்டுத் தாளித்தாள். அக்காவுக்கு நாலு கேட்டிருக்கும், ஆறு கேட்டிருக்கும். பாதியைத் தள்ளித் தள்ளிச் சொன்னாள். கழுத்தெல்லாம் வேர்வை. முதலில் விட்டதைத் தவிர எல்லாம் சரி.

"இடம் உண்டு. முதல்ல காது டாக்டரைப் பாரு. இன்னிக்கே ஹாஸ்டல்ல சேர்ந்துக்கோ" என்றாள் அந்த அம்மா.

வீட்டுக்கு அக்கா வரக் கூடாது என்று நான்தான் சொன்னேன். துணி எடுக்க நான் மட்டும் போனேன். என் நேரம், அண்ணன் சாப்பிட வந்திருந்தான். பையைப் பார்த்தான்.

"எங்கடீ அவ?"

"சொன்னா நீயும் பரீட்சை எழுதுவியா?"

முதல் குத்தில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் ஒரு பல் ஆடியது. பையை ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட்டு, குழம்புச் சட்டியை அவன் மேல் கவிழ்த்துவிட்டு ஓடினேன். நல்ல சூடு.

ஹாஸ்டல் வாசலில் அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. அவன்தான் குழம்புல குளிச்சான். நீ உள்ள போ."

"நீ எங்க போவே?"

பையை அவள் கையில் திணித்தேன். அக்கா அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். போலீஸ் ஸ்டேஷன் படியில் நான் தயங்கினேன். விடவில்லை.

ரைட்டர் தலையைத் தூக்காமலே என்னவோ கேட்டார். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு வலது பக்கத்தை அவருக்குக் காட்டி உட்கார்ந்தாள்.

"இந்தக் காதுல சொல்லுங்க சார். அடிச்சது எங்க அண்ணன். முதல்ல இவளோட பல்லை எழுதுங்க."