அடி இல்லாத சட்டைப்பை

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர், வாய் ஓயாத மனிதர். தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்த பிறகும் மாமா ஓயவில்லை. பேச்சு கைக்கு இறங்கிவிட்டது. எழுதிக் காட்டலாமே என்றால், எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறதாம். அதனால் கட்டிங் டேபிள்மேல் சாக்பீஸால் கோடு கோடாக ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார். இரண்டு வளைவு போட்டால் டீ. கத்தரிக்கோல் போட்டால் இடத்தைக் காலி பண்ணு. எனக்குப் பெரும்பாலும் கத்தரிக்கோல்தான்.

ஒன்றுக்கு மட்டும் படம் சிக்கவில்லை. அக்கா அவரைச் சும்மா இருக்க விடமாட்டாள். "என்னங்க, வலிக்குதா? பசிக்குதா? ஏன் உம்முன்னு இருக்கீங்க?" முன்பெல்லாம் "ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவார். இப்போது அதை எப்படி வரைவது? வட்டம் போட்டார், பட்டன் டப்பா வந்தது. கட்டம் போட்டுக் காலியாக விட்டார். அக்கா ஜன்னலைத் திறந்தாள். பெருக்கல் குறி போட்டதும், ஆம்புலன்ஸில் இருக்கும் குறி என்று பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். எதுவும் வரையாமல் வெறும் மேசையைக் காட்டினார். துணி எடுத்துத் துடைத்தாள். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். இல்லாததைச் சொல்வதற்கும் எதையாவது வரைந்தாக வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் அவருக்கு. எழுவதும் உட்காருவதுமாக எங்களையும் படுத்தி எடுத்தார்.

கடைசியில் ஒரு சட்டைப்பை வரைந்தார், அடிக்கோடு இல்லாமல். ஒரு பட்டனை அதன் வாயில் வைத்து, விரலால் இழுத்து, அடி வழியாக வெளியே தள்ளினார்.

"ஓ, உள்ள எதுவுமே தங்காதா? ஒண்ணுமில்லையா!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பின் மேசை முழுக்க அடியில்லாத பைகள்தான்.

போன வாரம், கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று எடுத்த சோதனையின் முடிவைக் கேட்க, யாரையும் கூட்டிக்கொள்ளாமல் மாமா தனியாகப் போனார். அவர் வரும்வரை அக்கா ஒரே பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கேட்டுவிட்டாள்.

மாமா குனிந்தபடியே வந்து அடியில்லாத பையை வரைந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. அவர் டீ கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தரிக்கோல் போடவுமில்லை. அக்கா அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, பைக்கு அடிக்கோடு இழுத்தாள். அதன்மேலேயே இன்னொரு முறை அழுத்தி இழுத்தாள்.

"இப்பப் போடுங்க. எதுவா இருந்தாலும் தாங்கும்."

மாமா டப்பாவைக் கிளறி, காலருக்கு வைக்கும் பட்டன் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

அக்கா அதை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"சின்னதுதானே?" என்றாள்.