கயிறு பிடித்த அம்பயர்

முன்னால் எது தொங்கினாலும் வளன் அண்ணாச்சி அதன் நுனியைப் பிடித்துக்கொள்வார். திரைச்சீலை நாடா, ஆட்டுக் கயிறு, மனைவியின் செபமாலை, எதுவானாலும் சரி. இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து நிரடியபடி, பதில் வரக் காத்திருப்பவர்போல் தலையைச் சாய்ப்பார். ஆடு திரும்பிப் பார்க்கும். மனைவி, "விடும், மாதா கோவிச்சுக்கிடுவா" என்பாள்.

பழக்கம் முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில் வந்தது. குளியாள் கடலுக்குள் இறங்கினால், அவன் கயிற்றை வள்ளத்தில் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் சகோதரன்தான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? கீழேயிருந்து இரண்டு தரம் இழுபட்டால் தூக்கிவிட வேண்டும். வளன் அண்ணாச்சி தன் அக்காள் புருஷனுக்கு அப்படிக் கயிறு பிடித்தவர். அப்புறம் சலாபமே நடக்காததால், வெள்ளைக்காரர் கிளப் மைதானத்தில் உருளை இழுத்தார். வெயிலில் நிற்க எந்தத் துரைக்கும் மனமில்லாததால் அம்பயரும் ஆனார்.

அந்தக் கிளப்பில் விக்டோரியா ராணி இன்னும் சாகவில்லை. சுவரில் அவள் படம். மைதானத்தில் அவள் காலத்து ஒழுங்கு. நாலு மணிக்குத் தேநீர். அம்பயர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அதைக் கட்டிக் காத்தவர் கப்பல் ஏஜெண்டான மெர்ட்டன் துரை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் துறைமுகக் குமாஸ்தாக்களான எங்களோடு ஆட அவர் இசைந்தார். எங்கள் நட்சத்திரம் பேபி. துரையிடமே வேலை பார்த்தவன். வளன் அண்ணாச்சியின் தங்கை அல்போன்சாவின் கணவன். ஆட்டத்துக்கு முன் துரை எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார்: பேபி ஐம்பது அடித்தால் கல்கத்தா போகும் கப்பலில் ஸ்டோர் கீப்பர். போகிற துறைமுகமெல்லாம் கிரிக்கெட் ஆடலாம்.

ஜப்பான்காரன் குண்டுக்கு வங்கக் கடலில் கப்பல்கள் முழுகிக்கொண்டிருந்த வருடம் அது. அல்போன்சாவுக்கு அது ஏழாம் மாதம். மாட்டேன் என்றால் இருக்கிற வேலையும் போகும்; ஊரும் பயந்தாங்கொள்ளி என்னும். பேபியோ மீசையை முறுக்கி, "கப்பல் என்னலே கப்பல், கடலே நம்ம பாட்டன் சொத்து" என்று திரிந்தான். வேண்டுமென்றே அவுட்டானாலும் துரை கண்டுபிடித்துவிடுவார். அவன் ஆட்டம் அவருக்கு அத்துபடி.

நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர்க் கூஜாவும் நிழலும் எனக்கு. கூஜாவின் ஈரம் மணலில் நிலவுபோல் வட்டமிட்டிருந்தது. அதைப் பார்ப்பதுபோல் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேபி நாற்பத்தெட்டு. பந்து போட வந்தவர் மெர்ட்டன் துரையேதான். பேபி குனிந்து கால்காப்பின் வாரை இழுத்தான். தளர்ந்திருந்ததோ என்னவோ, இன்னொரு தரமும் இழுத்தான். பந்து ஸ்டம்பை விட்டு வெகுதூரம் விலகி வந்து கால்காப்பில் பட்டது. துரை வழக்கப்படி அவுட் கேட்டு ஒரு சத்தம் கொடுத்து வைத்தார். அவருக்கே அதில் நம்பிக்கையில்லை.

வளன் அண்ணாச்சியின் விரல் வானத்துக்குப் போனது.

துரை வாயைத் திறந்தபடி நின்றார். "வளன், நிச்சயமா?"

"வெரலு மேல போனா போனதுதான் தொர. அம்பயர் சொல்லுக்கு மறுசொல் கெடையாதுன்னு நீங்கதான சொல்லித் தந்திய?"

துரை ராணியின் படம் இருந்த திசையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வேறென்ன செய்வார்?

பேபி மட்டையை வீசினான். "மச்சானா நீரு? கண்ணைக் கடல்ல அடகு வச்சிட்டு வந்தீரா? ஒம்ம வெரலுல நண்டு கடிக்க! இனி ஒம்ம வாசப்படிய மிதிச்சா எம்பேரு பேபி இல்ல!"

கடற்கரை முழுக்க அந்த வசவு பரவியது. துரை பேபிக்காக இரக்கப்பட்டுச் சம்பளம் கூட்டிக் கொடுத்தார். வேறொரு குமாஸ்தா கப்பலேறினான். போருக்குத் தப்பிப் பத்திரமாகத் திரும்பி, கல்கத்தா கதைகளால் எங்களைக் கொன்றான். மச்சான்மார் இருவரும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "தங்கச்சி வீட்டுக்காரன் பொழைப்பக் கெடுத்த குருடன்" என்று ஊர் சொன்னபோதெல்லாம் வளன் அண்ணாச்சி ஏதாவது ஒரு கயிற்று நுனியை நிரடினார்.

போர் முடிந்த மறுவருடம், பேபி, அல்போன்சாவின் இரண்டாவது பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில், ஞானத்தகப்பனாக நின்றவர் வளன் அண்ணாச்சி. நான் அல்போன்சாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "ரெண்டு பேரும் எப்ப ராசியானாவ?"

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"சண்ட போட்டாத்தான ராசியாவுறதுக்கு? இவரு கடல்ல கால்கூட நனைக்க மாட்டாரு. அன்னைக்கு வார ரெண்டு தரம் இழுத்தாரே, பாக்கலியா நீங்க? தூக்கிருங்க மச்சான்னு அர்த்தம். அந்த வசவு மொத்தமும் அண்ணன் எழுதிக் கொடுத்தது. நண்டு மட்டும் இவரு சேத்தது."