அப்பாவின் ‘சரிங்க’

அப்பாவிடம் யார் எதைப் பேசினாலும் அவர் வாயிலிருந்து வருவது ‘சரிங்க’தான். அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று பொருள். இது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதுதான் தொல்லை.

கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், தூளை உலர்த்தும் மெஷினில் அவருக்கு வேலை. அந்த இரைச்சலில் எதிரே நிற்பவர் பேசுவது பாதிதான் கேட்கும். மீதியை அவர் ‘சரிங்க’ போட்டு நிரப்பிவிடுவார். ஷிப்டு முடிந்ததும் அந்தப் பழக்கமும் அவரோடு வீட்டுக்கு நடந்து வந்துவிடும்.

இதனால் நாங்கள் பட்ட பாடு இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. சமவெளியிலிருந்து வேனில் வந்த வியாபாரி ஒருவர், ஏற்கெனவே மிக்சி இருக்கிற வீட்டில் இன்னொரு மிக்சியை இறக்கிவிட்டுப் போனார். பக்கத்து லைன் வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது தன் நாயைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கட்டினார். கேட்டால், “அண்ணன் சரின்னாருங்களே” என்பார்கள். பள்ளியிலிருந்து முதுமலைக்குக் கூட்டிப்போகிறார்கள், போகட்டுமா என்று நான் கேட்டதற்கும் “சரி கண்ணு” என்றார். நம்பி, பையெல்லாம் எடுத்துவைத்துக் கிளம்பிய காலையில், “எங்க கண்ணு போற?” என்று அவர் கேட்டபோது, தரையில் உட்கார்ந்து கத்தி அழுதேன்.

“ஏனுங்க, அந்த வாயில வேற வார்த்தையே வராதுங்களா?” என்பாள் அம்மா.

“சரி, சரி” என்பார் அப்பா.

அப்போது அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத அவளை அப்பாதான் தூக்கி வளர்த்தார். ஊட்டியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விடியும் முன்பே ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். பஸ்ஸிலேயே பாதிப் படிப்பை முடித்துவிடுவதாகச் சொல்வாள்.

ஒரு மழை நாளில் அப்பாவுக்கு டீமேக்கரிடமிருந்து போன் வந்தது. டீமேக்கர் என்றால் ஃபேக்டரிக்கே பெரியவர். ஷிப்டு போடுவதும் லீவு கொடுப்பதும் அவர் கையில். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “சரிங்க... ஓ, சரிங்க சார்... சரிங்க” என்றார். போனை வைத்ததும் என்ன விஷயம் என்று அம்மா கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றாராமா. மிச்சம் சரியாக் கேக்குல.”

“திருப்பிக் கேக்க வேண்டியதுதானுங்க?”

அப்பா அதற்கும் சரி என்றார். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் ஜீப் வந்து நின்றது. டீமேக்கர், அவர் மனைவி, கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த அவர் மகன், மூவரும் இறங்கினார்கள். கையில் தாம்பாளம். அதில் பூ, பழம், பெரிய ஸ்வீட் பெட்டி. டீமேக்கரின் மனைவி, துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தையைத் தேடிப் போய் அவள் தலையில் பூவை வைத்தார். ஈரக் கையோடு அத்தை அப்படியே நின்றாள். பிறகு சமையலறைக்குள் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, எனக்கு இன்னும் படிப்பு முடியல. இது வேண்டாம் அண்ணி.”

முன்னறையில் டீமேக்கர் பேசிக்கொண்டிருந்தார். “படிச்ச வரைக்கும் போதுமுங்க. எங்க ஊட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல.”

“சரிங்க” என்றார் அப்பா.

அம்மா டம்ளரை மேடையில் ‘ணங்’கென்று வைத்தாள். நான் கதவிடுக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் அப்பாவின் வாயைப் பொத்திவிடலாம் போலிருந்தது.

“அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லி சாமியார்கிட்டப் பேசிரலாங்களா?”

“சரிங்க...”

அத்தை சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். “அண்ணா” என்றாள். அவ்வளவுதான்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நீங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டனுங்க சார். புள்ள படிக்கோணும்ங்குது. இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க.”

“அன்னைக்குப் போன்ல அத்தனை தடவ சரின்னீங்களே?”

“அது எம்பட வாய்ப்பழக்கமுங்க. தப்புத்தான். மன்னிச்சிருங்க.”

டீமேக்கர் அவரையே பார்த்தார். “யோசிச்சுத்தான் பேசறீங்களா?”

“சரிங்க” என்றார் அப்பா. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அப்பா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, “யோசிச்சுத்தான் சொல்றனுங்க” என்றார்.

ஜீப் கிளம்பியது. தாம்பாளமும் திரும்பிப் போனது. ஸ்வீட் பெட்டியையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதுதான் அன்று என் கவலை. அம்மா அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாள். போனிலேயே வாயைத் திறந்து ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் நாலு பேர் முன்னால் இந்தக் கூத்து உண்டா என்று. அத்தை துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பாவை நடுவட்டம் பக்கமிருந்த, அதே கம்பெனியின் இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மினிலாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அப்பாவும் அத்தையும் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். புது வீட்டிலிருந்து இறங்கினால் மெயின் ரோடு. பஜ்ஜிக் கடை, கூடலூர் பஸ், சுற்றுலாக் கார்கள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அத்தை மட்டும் இன்னும் முன்னதாக எழுந்து ஊட்டி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அப்பாவுக்கு அங்கே ஃபேக்டரி வேலை இல்லை. தேயிலைக் காட்டில் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. பெரிய டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு போவார். ஆனால் நைட் ஷிப்டு கிடையாது, பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அப்பாவுக்குப் பிரமோஷன் கிடைத்திருக்கிறது என்று புதுப் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள் பஜ்ஜிக் கடைக்காரரிடமும் சொன்னேன். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். மருந்து வாடை போகாத கையைத் தண்ணீரில் இன்னொரு தரம் கழுவிவிட்டு, எனக்கு ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.